பூஜை போடாத வண்டி

யாராவது கார்களைப் பற்றி வேகம், குதிரைசக்தி என்று ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். பத்து வயதில் அந்தப் பேச்சில் என்னை ஜெயிக்க ஆளே கிடையாது.

புது நூற்றாண்டு பிறந்து நாலைந்து வருஷம் இருக்கும். கரமனையில் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பாவிடம் பழைய பிக்கப் ஒன்று இருந்தது. நாகர்கோவில் பக்கமிருந்து வாழைக்குலை ஏற்றி வருவார். அதன் கதவைக் கயிற்றால் கட்ட வேண்டும். மழைநாளில் நாலு பேர் தள்ளினால்தான் கிளம்பும். ஒரு நாள் மாமா, அம்மாவின் அண்ணன், துபாய்க் காசில் வாங்கிய பெரிய கறுப்பு வண்டியைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்தினார். மறுநாள் காலை பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துப் பூஜை போட வேண்டும்.

நானும் மாமா மகளும் படியில் உட்கார்ந்து சண்டை பிடித்தோம்.

"எங்க வண்டி பத்து செகண்டுல நூறைத் தொடும், அறியாமோ?" என்றாள் அவள்.

"எங்க வண்டியில நூறு குலை ஏறும். ஒங்க வண்டியில ஏத்திப் பாரு, சீட்டு கிழிஞ்சு போவும்" என்றேன். விட்டுக்கொடுப்பேனா நான்?

மத்தியானம் மழை பிடித்தது. அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டு ஓடினோம். அவளுக்கு அப்போது ஏழு மாதம். சேலையெல்லாம் ரத்தம்.

மாமா உடனே சாவியை எடுத்தார். தடுத்தது அம்மாதான். "வேண்டாம் அண்ணே. நாளைக்குப் பூஜை போடுற வண்டி. இந்தத் தீட்டோட நான் ஏற மாட்டேன்."

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா தன் வண்டியைப் பார்த்தார். "அவ சொல்லுகதும் சரிதான் மாப்ளே. பொறவு மனசுல ஒரு சங்கடம் வரப்பிடாதுல்லா" என்று சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆட்டோ பிடிக்கப் போன பக்கத்து வீட்டுக்காரர் நனைந்துகொண்டு வெறுங்கையோடு திரும்பினார். பிக்கப்பின் பின்னால் மெத்தை விரித்து அம்மாவைக் கிடத்தி, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். அந்தச் சனியன் கிளம்பவில்லை. மாமா வேட்டியை மடித்துக் கட்டித் தோள்கொடுத்துத் தள்ளினார். சேற்றில் வழுக்கி விழுந்தார், எழுந்து மறுபடி தள்ளினார். கறுப்பு வண்டியில் உரசிவிடாமல் ஒதுக்கி ஒதுக்கித் தள்ள வேண்டியிருந்தது. சந்து முனை தாண்டிய பிறகுதான் எஞ்சின் பிடித்தது.

ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டரம்மா மலையாளத்தில் சொன்னார். தம்பியை எனக்குக் காட்டவே இல்லை. மாமா வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பொய்யான அழுகை இல்லை அது.

நாலாம் நாள் அம்மாவை வீட்டுக்கு விட்டார்கள். அதற்குள் பூஜை முடிந்திருந்ததால் மாமாவே தன் வண்டியில் அழைத்துப்போனார். முன்சீட்டில் அப்பா. பின்னால் அம்மா என் தோளில் சாய்ந்திருந்தாள். வண்டி அலுங்காமல் பறந்தது. வீட்டுச் சந்து வந்ததும் எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. தோல்வியை ஒப்புக்கொள்வதுதானே நியாயம்?

"அன்னைக்கு ஒரு மணிக்கூர் ஆச்சு. இன்னைக்குப் பத்தே நிமிஷம். மாமா வண்டிதான் ஜெயிச்சுது" என்றேன்.

அதுவரை என்மேல் கைவைத்தே அறியாத அப்பா, முன்சீட்டிலிருந்து திரும்பி என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். தன் பிக்கப்பை மட்டம்தட்டியதற்குத்தான் அந்த அடி என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.