பெர்னிஸ் வீட்டுப் பரணில் ரக்கூன்

கார் தொழிற்சாலை ஊரான ஹாம்ட்ராமிக்கில், போலந்துக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த தெருவொன்றில், பெர்னிஸ் வோய்டாஸ் தன் வீட்டுப் பின்கட்டு அறையிலேயே முடி அலங்காரக் கடை நடத்தி வந்தாள். இரண்டு நாற்காலி, ஒரு கழுவு தொட்டி, தலைக்கு மேல் கவிழ்த்து முடி உலர்த்தும் பழைய இயந்திரம் இரண்டு. மாதா கோயிலுக்குப் போகும் பெண்களில் பாதிப் பேரின் சுருட்டை முடி அவள் கையால் ஆனதுதான். குட்டையான, தடித்த பெண். வாயில் கொண்டை ஊசியைக் கடித்துக்கொண்டே பேசுவாள். ஆனாலும் ஒரு சொல் விடாமல் புரியும்.

அவள் புருஷன் ஜிக்மண்டை எல்லோரும் ஜிக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். கார் தொழிற்சாலையில் இரும்புத் தகட்டை அச்சில் அடிக்கிற பகுதியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த இயந்திரங்கள் போட்ட சத்தம் அவர் காதை மெல்ல மெல்லத் தின்றுவிட்டிருந்தது. அது ஊருக்கே தெரியும். ஒப்புக்கொள்ளாதவர் அவர் ஒருவர்தான்.

"காது நல்லாத்தான் இருக்கு. நீதான் வாயைத் திறக்காம பேசுற" என்பார்.

"வாய்ல ஊசி இல்லாதப்பவும் அதையேதான சொல்ற!" என்பாள் பெர்னிஸ்.

கல்யாணமான புதிதில் ஜிக்கி வேலை முடிந்து வந்ததும் சமையலறை நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, தொழிற்சாலையில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று நடித்தே காட்டுவார். மேஸ்திரியின் மூக்குக் குரல், இத்தாலிக்காரரின் கெட்ட வார்த்தை, எல்லாம் வரும். நாளெல்லாம் நின்ற காலை வெந்நீரில் ஊறப்போட்டுக்கொண்டு பெர்னிஸ் கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். காது போகப் போக, மற்றவர்கள் பேசுவது அவருக்கு எட்டாமல் போனது. நடித்துக்காட்ட எதுவும் மிச்சமில்லை. கடைசியில் அவர்கள் பேச்சு உப்பு, சாவி, மழை என்று கையால் காட்டக்கூடிய விஷயங்களாகச் சுருங்கிவிட்டது. பெர்னிஸ் அதைப் பற்றி யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. கடையில் நாள் முழுக்கப் பேச ஆள் இருந்ததால் வீட்டு அமைதி அவளை மாலையில் மட்டும்தான் பிடித்தது.

அந்த வருஷம் பனி உருகி முடிந்த சமயத்தில் மாலை நேரங்களில் பரணில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. முதலில் அணில் என்று நினைத்தாள். பிறகு பலகை அழுந்துகிற அளவுக்கு நடை கனத்தது. சில நாளில் அதோடு வேறொரு சத்தமும் சேர்ந்தது. குருவிக்கூட்டமும் பூனைக்குட்டியும் சேர்ந்து அழுதது போல் மெல்லிய கிறீச்சொலி.

"ஜிக்கி, மேல யாரோ நடக்கிறாங்க."

"என்னது?"

"மேல! பரண்ல! நடக்குது!"

ஜிக்கி முகவாயைத் தூக்கிக் கவனமாகக் கேட்பது போல் நின்றார். "ஒண்ணுமில்ல. வீடு பழசு, மரம் முனகும்."

"மரத்துக்குக் குட்டி பொறந்து அழுமா?"

"இந்த வீடு எங்கப்பா கட்டினது பெர்னி. இதுல ஒரு ஜந்து நுழைஞ்சா எனக்குத் தெரியாதா?"

பக்கத்து வீட்டு ஃப்ளோரன்ஸ் புருஷனை இழந்தவள். வாரத்துக்கொரு தடவை தலை செய்துகொள்ள வருவாள்; வராத நாளில் காப்பிக்கு வருவாள். அவள் விஷயத்தைக் கேட்டதும் சொன்னாள்: "ரக்கூன்டீ அது. என் குப்பைத் தொட்டி மூடியை எப்பிடித் தொறந்திருக்கு பாத்தியா? மனுஷன் மாதிரி விரல். முகத்துல கறுப்புத் துணி கட்டின திருடன் மாதிரி இருந்துக்கிட்டு, பட்டப்பகல்ல உன் மேப்பிள் மரத்துலேர்ந்து கூரைக்குத் தாவினதை நான் பாத்தேன். குட்டி போட்டிருக்கும். என் சித்தி பையனோட நாயைக் கிழிச்சுப் போட்டுச்சு ஒண்ணு. ரேபிஸ் வரும், வேற என்னென்னமோ வரும்."

பெர்னிஸ் அதை அப்படியே ஜிக்கியிடம் கத்திச் சொன்னாள். "ஃப்ளோரன்ஸ் கண்ணாடியை மாத்தணும்" என்றார் அவர். அதற்குள் முடி உலர்த்தும் இடத்துக்கு நேர் மேலே கூரைப் பலகையில் ஒரு மஞ்சள் கறை படர்ந்தது. கெட்ட வாடையும் வந்தது. பெர்னிஸ் லாவண்டர் தெளித்துப் பார்த்தாள். வாடையும் லாவண்டரும் சேர்ந்து இன்னும் மோசமானது. ஜிக்கியின் முடிவு வேறு: "கூரை ஒழுகுது. ஒரு நாள் ஏறிப் பாக்குறேன்."

அந்த ஒரு நாள் என்று அவர் தேர்ந்தெடுத்தது ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமையை. பெர்னிஸின் கடையில் வருஷத்திலேயே கூட்டம் அதிகமான நாள். முட்டை, சாசேஜ், வெண்ணெயை அச்சில் வார்த்த ஆட்டுக்குட்டி உருவம் எல்லாம் வைத்த கூடையை மதியம் கோயிலில் மந்திரிக்கக் கொண்டுபோக வேண்டும். தலை சரியில்லாமல் எவளும் போகமாட்டாள். இரண்டு இயந்திரத்துக்கு அடியிலும் பெண்கள். ஃப்ளோரன்ஸ் நாற்காலியில், தலை நிறைய முடி சுருட்டும் ரோலர்களோடு. இந்தக் கூட்டத்துக்கு நடுவே ஜிக்கி ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து, அறையின் மூலையில் பரணுக்குப் போகிற சதுரக் கதவுக்குக் கீழே நிறுத்தினார்.

"இன்னைக்கா?" என்றாள் பெர்னிஸ்.

"ஆமா, இன்னைக்கு வெயில் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு ஏறினார்.

கதவை மேலே தள்ளி, தலையை நுழைக்காமல் கையை மட்டும் உள்ளே விட்டு, குளிர் இறங்காமலிருக்கப் பரணில் பரப்பிய பஞ்சு நனைந்திருக்கிறதா என்று தடவினார். அப்போது மேலிருந்து ஓர் உறுமல் வந்தது. அடித்தொண்டையிலிருந்து எழுந்து, சீறலாக மாறி, பற்களைக் கடகடவென்று அடிக்கிற சத்தத்தில் முடிந்தது. இயந்திரத்துக்கு அடியில் உட்கார்ந்திருந்த பெண்களுக்குக்கூட அது கேட்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் அலறினார்கள்.

"கையை எடு ஜிக்கி! கையை எடு!"

ஜிக்கி குனிந்து இத்தனை பெண்கள் தன்னையே பார்ப்பதைக் கண்டு புன்னகை செய்தார். "என்ன?" என்று கேட்டார். கை இன்னும் உள்ளேதான் இருந்தது.

அடுத்த கணம் அவர் முகம் கோணியது. கையை உருவி இழுத்தபோது கட்டை விரலுக்குக் கீழே சதை பிய்ந்து தொங்கியது. அந்த நிலையிலும் மற்றக் கையால் கதவை இழுத்துச் சாத்திவிட்டுத்தான் இறங்கினார். பெர்னிஸ் அவரைத் தொட்டிக்கு இழுத்துப்போய், வாடிக்கையாளர் தலையைக் கழுவுகிற அதே குழாயின் கீழ் சோப்புப் போட்டுக் காயத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருந்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். அவள் நிறுத்தவில்லை.

ஃப்ளோரன்ஸ்தான் கார் ஓட்டினாள், ரோலர்களோடு. சிவப்பு விளக்கில் பக்கத்துக் காரில் இருந்தவன் திரும்பிப் பார்த்தபோது, "என்னடா பாக்குற, ஈஸ்டர்டா!" என்று கத்தினாள்.

ஆஸ்பத்திரியில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் காயத்தைப் பார்த்துவிட்டு, ரக்கூன் கடி என்றால் காத்திருக்கக் கூடாது, ரேபிஸ் ஊசியை இன்றைக்கே தொடங்க வேண்டும், அந்த நோய் வந்துவிட்டால் பிறகு வைத்தியமே இல்லை என்று சொன்னார். காயத்தைச் சுற்றி ஒரு மருந்து, தோளில் ஒரு மருந்து. அதற்கப்புறமும் சில வாரம் வந்து போட்டுக்கொள்ள வேண்டும். ஜிக்கிக்குப் பின்னால் நின்று கட்டுப் போட்ட நர்ஸ், "கடிக்கறதுக்கு முன்னாடி அது உறுமலையா?" என்று கேட்டாள். ஜிக்கி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் இன்னொரு தடவை கேட்டாள். பெர்னிஸ் அவர் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேராக வந்து அந்தக் கேள்வியைத் திருப்பிச் சொன்னாள்.

நர்ஸ் போன பிறகு ஜிக்கி கேட்டார்: "உங்க எல்லாருக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எவ்ளோ சத்தமா?"

"தெருவுக்கே கேட்டிருக்கும் ஜிக்கி."

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணுமே கேக்கல பெர்னி. நீங்கள்லாம் வாயைத் தொறந்து தொறந்து மூடினீங்க. சிரிக்கிறீங்கன்னு நெனச்சேன்."

இத்தனை வருஷம் இந்த ஒரு வார்த்தைக்காக அவரோடு மல்லுக்கட்டியவள் அவள். இப்போது கேட்டபோது ஜெயித்த மாதிரியே இல்லை. அவர் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஈஸ்டர் முடிந்ததும் விலங்கு பிடிக்கிற டெல்பர்ட் வந்தான். பெர்னிஸ் ஆத்திரத்தோடு இருந்தாள். "சுட்டுத் தள்ளு அதை. கூரையில அது நுழையற ஓட்டையை உடனே அடை" என்றாள்.

"இப்ப அடைச்சா தாய் வெளியில மாட்டிக்கும், குட்டிக உள்ள மாட்டிக்கும். உங்க கூரையைப் பிச்சு எறிஞ்சிட்டு உள்ள வரும்மா. அதுவாப் போக வைக்கணும். வெளிச்சமும் சத்தமும் அதுக்கு ஆகாது. குட்டிகளைத் தூக்கிக்கிட்டு வேற இடம் பாத்துப் போயிரும்."

நீளக் கம்பால் எரியும் மின்விளக்கு ஒன்றையும் ஒரு ரேடியோவையும் பரண் கதவுக்குள் தள்ளிவிட்டு, ஒலியை முழுக்கத் திருப்பி வைத்தான். போலிஷ் வானொலி நிலையத்தில் விடாமல் போல்கா ஆட்டப்பாட்டு ஓடியது. அக்கார்டியனும் கிளாரினெட்டும் கூரையை அதிர வைத்தன. கண்ணாடி முன் இருந்த சீப்புகள் நடுங்கின. பெர்னிஸுக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. தலையணையைத் தூக்கிக்கொண்டு ஃப்ளோரன்ஸ் வீட்டுக்குப் போய்விட்டாள். ஜிக்கி மட்டும் பரணுக்கு நேர் கீழே தன் கட்டிலில் குழந்தை போல் தூங்கினார்.

மறுநாள் காலை காப்பிக்கு அங்கே வந்தவர் கேட்டார்: "இப்ப என்ன பாட்டு ஓடுது?"

"உங்க அம்மா கல்யாணத்துல ஆடின மாதிரி பழசு ஏதோ. தாங்கல ஜிக்கி."

"வீட்டுல காவலுக்கு ஆள் வேணும்னா என்னை விட நல்ல ஆள் கெடைக்குமா?" என்றார் அவர். தன் காதைப் பற்றி அவர் செய்த முதல் கேலி அது. ஃப்ளோரன்ஸ் காப்பியைத் துப்பும்படி சிரித்தாள்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் மூவரும் ஃப்ளோரன்ஸின் பின்வாசலில் நின்று பார்த்தார்கள். கூரை ஓரத்தில் கறுப்புப் பட்டை போட்ட முகம் ஒன்று எட்டிப் பார்த்தது. பூனையை விடப் பெரிது, மெலிந்த உடம்பு. வாயில் ஒரு குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு மேப்பிள் மரத்துக்குத் தாவி, தலைகீழாக இறங்கி, வேலிக்கு அப்பால் மறைந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தனியாகத் திரும்பி வந்தது. அடுத்த குட்டி. அதற்கடுத்தது. கடைசியைத் தூக்கி வரும்போது மரக்கிளையில் நின்று இளைப்பு வாங்கியது.

"களைச்சுப் போச்சு பாவம்" என்றாள் பெர்னிஸ். சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்தா அது வந்தது என்று திகைத்தாள்.

"நான்தானே அது வீட்டுக்குள்ள கைய விட்டேன்" என்றார் ஜிக்கி.

அது திரும்பி வருகிறதா என்று அறிய ஓட்டையில் செய்தித்தாளை அடைத்துப் பார்த்தார்கள். இரண்டு நாள் அது கிழியவில்லை. டெல்பர்ட் இரும்புத் தகடு அடித்தான். உள்ளே கிடந்த எச்சத்தில் மூளை வரை போகிற புழுவின் முட்டை இருக்கும் என்பதால், முகமூடியும் கையுறையும் போட்ட ஆட்கள் வந்து பஞ்சை மூட்டை மூட்டையாக இறக்கிக் கொண்டுபோனார்கள். கறைபட்ட பலகையை மாற்றி வெள்ளை அடித்தார்கள்.

கடைசி ஊசி போட்ட அன்றே ஜிக்கி ஆஸ்பத்திரியில் காது பார்க்கிற பிரிவு எங்கே என்று தானாகவே விசாரித்தார். இரண்டு காதுக்கும் சின்னக் கருவி வந்தது. முதல் நாள் வீட்டுக்கு வந்து, குழாயில் நீர் விழுவதை நின்று கேட்டார். தரைப் பலகையை மிதித்து மிதித்துப் பார்த்தார்.

"சாப்பிட வா!" என்று பெர்னிஸ் அழைத்ததும் காதைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, ஏன் இப்பிடிக் கத்துற?" மெதுவாகப் பேசிப் பழக அவளுக்கு அந்தக் கோடை முழுக்க ஆனது.

கடைக்கு வரும் பெண்களுக்குத்தான் பெரிய நஷ்டம். அவர் நடுவே நடந்து போனாலும் அவரைப் பற்றியே பேசிப் பழகியவர்கள். இப்போது அவர் தலை தெரிந்தால் வாயை மூடிக்கொண்டார்கள். ஃப்ளோரன்ஸ் மட்டும் எதற்கும் அடங்கவில்லை. ஒரு வியாழக்கிழமை, தன் செத்துப்போன புருஷன் பனியில் வழுக்கிப் பாதிரியார் மடியில் போய் விழுந்த கதையைச் சொன்னாள். கதை சரியான இடத்துக்கு வந்ததும் சமையலறையிலிருந்து ஜிக்கி வெடித்துச் சிரித்தார். பெர்னிஸின் சீப்பு ஃப்ளோரன்ஸின் தலையிலேயே நின்றது. பிறகு அவர் கதவில் வந்து சாய்ந்துகொண்டு, பாதிரியாரின் குரலில், "மகனே, பாவமன்னிப்புக்கு வரிசையில வா" என்றார்.