கல்யாண எழுத்து

திருவொற்றியூரில் ராமதாஸின் பேனர் கடைக் கம்ப்யூட்டர் முன்னால் கல்யாணமாகாத காலத்திலிருந்து உட்கார்ந்திருப்பவள் கார்குழலி. அந்த வட்டாரத்தில் காது குத்தினாலும் கல்யாணம் கட்டினாலும் கண்ணை மூடினாலும் அவள் கை படாமல் பேனர் வெளியே வராது.

கடையில் இரண்டு எழுத்துகளுக்குத்தான் ஓயாத வேலை. ஒன்று குண்டு குண்டாக, கோடெல்லாம் ஒரே தடிப்பாக இருக்கும். கண்ணீர் அஞ்சலிக்கு அதுதான். அதனால் சாவு எழுத்து என்றே அதற்குப் பேர். மற்றது கார்குழலியின் செல்லம். நிற்கிற கோடு தூண் போலத் தடித்து, வளைகிற இடத்தில் தலைமுடி அளவுக்கு மெலிந்து, முனையில் சின்னதாய்க் கால் வைத்து நிற்கும். மணமக்கள் பேரை அதில் போட்டால் எந்த மூஞ்சியும் லட்சணமாகிவிடும் என்பாள். அதற்குக் கல்யாண எழுத்து என்று பேர். ஆனால் பெரிசாகப் போட்டால்தான் அது ராணி. சின்னதாகப் போட்டால் மெல்லிய கோடெல்லாம் காகிதத்தில் காணாமல் போய்விடும். "அட்ரஸு, போன் நம்பருக்கெல்லாம் இது வாணாம்க்கா, பேருக்கு மட்டும் போடுறேன்" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லியே அவளுக்கு வாய் வலித்துப்போனது.

அவளுடைய நைனா அசோகன் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் சுமை தூக்கி ஓய்ந்தவர். கொஞ்ச காலமாகவே ஞாபகம் நழுவிக்கொண்டிருந்தது. பெற்ற மகளையே சில நாள் யாரும்மா நீ என்று கேட்பார். ஒருநாள் காலை அம்மா ரமாபாய் தண்ணி லாரிக்குக் குடத்தோடு போயிருந்த நேரம், சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் வீடு திரும்பவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினார்கள். மறுநாள் கார்குழலி கடைக்கு வந்து, சுவரில் ஒட்டுவதற்குக் காணவில்லை போஸ்டர் செய்ய உட்கார்ந்தாள்.

பழக்க தோஷத்தில் கை சாவு எழுத்துக்குப் போனது. திரையில் நைனாவின் பேர் கறுப்பாக, குண்டாக வந்து நின்றது. அந்த எழுத்தில் அவள் போட்ட ஒருத்தரும் திரும்பி வந்ததில்லை. சட்டென்று மாற்றினாள். பேர், அடையாளம், போன் நம்பர் எல்லாவற்றையும் கல்யாண எழுத்தில் போட்டாள். நம்பரை மட்டும் குண்டாக விட்டால்கூடப் பாதிச் சாவாகத் தெரியும் என்று தோன்றியது.

ராமதாஸ் எட்டிப் பார்த்தார். "நம்பரு பொடிசா கீதேம்மா, தெரியுமா?"

"அதெல்லாம் தெரியும்ணா. எங்க நைனாவ அந்த எழுத்துல வெக்க மாட்டேன்."

வீட்டில் ஒருத்தரைத் தொலைத்துவிட்டு நிற்பவளிடம் யார் வாதாடுவது? அவர் அதோடு விட்டுவிட்டார்.

திரையில் அம்சமாகத்தான் இருந்தது. மட்டமான காகிதத்தில் ஒற்றை மையில் அச்சாகி வந்த போஸ்டர்களை அவள் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பசை வாளியோடு ஓடி, எண்ணூர், அத்திப்பட்டு வரைக்கும் ரயில் நிலையச் சுவர்களில் ஒட்டினாள். அச்சில் மங்கியது போக மீதியை, அங்கே அனல்மின் நிலையத்திலிருந்து வந்து படிகிற சாம்பல் பார்த்துக்கொண்டது. போனை மடியிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரு அழைப்பும் வரவில்லை.

கடைசியில் போலீஸ்தான் கூப்பிட்டது. அத்திப்பட்டு தாண்டித் தண்டவாளத்தோரம் கிடந்தார் அசோகன். ரயில் அடித்திருந்தது.

உடலை வாங்கப் போன இடத்தில், அத்திப்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் பக்ருதீன் நின்றிருந்தார். கடைசியாகப் பார்த்தவர் என்று அவரைக் கூட்டி வந்திருந்தார்கள்.

"ரெண்டு நாளு நம்ம கடை பெஞ்சுலதாம்மா குந்திகினு இருந்தாரு. டீயும் பன்னும் குடுத்தேன். எதிர் செவுத்துல போட்டோவப் பாத்துட்டு, அட இவருதான்னு போனப் போட்டேன். நாலா ஒண்ணா, பூஜ்யமா பதினொண்ணா, ஒண்ணும் புரியல. மாத்தி மாத்திப் போட்டா எவனோ தெலுங்குல திட்டுறான். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனா பேஜாருனு வுட்டுட்டேன். காலீல பாத்தா ஆளக் காணோம்."

கார்குழலிக்கு அழுகை வரவில்லை. நான்கின் சாய்ந்த கோடு முடியளவுதான், பூஜ்யத்தின் மேலும் கீழும் முடியளவுதான், அச்சில் அவை நிற்காது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? நைனாவைச் சாகக் கொடுத்தது என் கைதான் என்று நெஞ்சு நேராகவே சொன்னது.

கண்ணீர் அஞ்சலி பேனரை அவளே செய்தாள். ராமதாஸ் தடுத்தும் எழுந்திருக்கவில்லை. எல்லாம் சாவு எழுத்து. கடைசியில் தன் போன் நம்பரையும் பட்டை பட்டையாகப் போட்டாள்.

"இதுல இன்னாத்துக்கும்மா நம்பரு?" என்றார் ராமதாஸ். அவள் அச்சுக்கு அனுப்பினாள்.

எடுக்கிற அன்று பக்ருதீன் வந்தார். கண்ணாடி சட்டைப்பையில் இருக்க, தெருமுனையிலேயே நின்று பேனரைப் பார்த்து நம்பரை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். பிறகு கார்குழலி கிட்டே வந்து, நல்ல மனசோடுதான் சொன்னார்:

"இப்போ பளிச்சுனு தெரியுதும்மா."