போனுக்கு மடி இல்லை

மலாய் நாட்டு ஈப்போவுக்கு வந்த புதிதில் என்னைத் திணறடித்தது வெயிலும் இல்லை, தினமும் சாயங்காலம் கொட்டுகிற மழையும் இல்லை. ஒரு கேள்வி. "அண்ணே, ஒங்க ஹாபி என்னா?" கேட்டவன் குணா. கையுறை செய்யும் பெக்டரியில் வேலை பார்ப்பவன், லீவு நாளில் உறுமி மேளக் குழுவில் உறுமி வாசிப்பவன். நானோ திருத்துறைப்பூண்டிப் பக்கத்துத் தவில்காரன். இங்கே ஒரு முருகன் கோயிலில் ஒப்பந்தத்துக்கு வாசிக்க வந்தவன். கோயிலுக்கு எதிரே இருக்கும் ஒட்டுக்கடையில் நுரை பொங்க ஆற்றிய டீ, இங்கே அதற்குப் பேர் தே தாரிக், குடித்துக்கொண்டிருந்தோம். "தவில் வாசிப்பேன்" என்றேன். "அது வேலைலா அண்ணே. நான் வேலைய கேக்கல. சும்மா இருக்கிறப்ப என்னா செய்வீங்க?" சும்மா இருக்கும்போது சும்மா இருப்பேன், வேறென்ன செய்வது?

நம் ஊரில் யாராவது இப்படிக் கேட்டிருக்கிறார்களா, யோசித்துப் பாருங்கள். எந்த ஊர், யார் மகன், கல்யாணம் ஆச்சா, எத்தனை பிள்ளை என்பதோடு விசாரணை முடிந்துவிடும். என் அப்பாவிடம் போய்ப் பொழுதுபோக்குக்குத் தவில் வாசிக்கிறேன் என்று சொல்லியிருந்தால், கையிலிருக்கும் கழியாலேயே முட்டியில் ஒன்று போட்டிருப்பார். எங்கள் வீட்டில் தவில் அடுப்போடு சேர்ந்தது. முகூர்த்தம் இருந்தால் உலை கொதிக்கும், இல்லையென்றால் இல்லை. இங்கே குணாவும் அவன் கூட்டாளிகளும் என்னடாவென்றால், வாரம் முழுக்க மிஷின் முன்னால் நின்றுவிட்டு, கிடைக்கிற ஒரு நாளையும் வேன் பிடித்துப் போய்க் கை வீங்க அடித்துத் தீர்க்கிறார்கள். இதுகளுக்குப் பைத்தியமா என்றுதான் நினைத்தேன். "பெக்டரி சோறு போடுதுண்ணே. உறுமிதான் என்னய மனுசனா வச்சிருக்கு" என்பான் குணா. அடேயப்பா, பேச்சைப் பார் என்று சிரித்துவிடுவேன்.

எனக்கும் ஒரு ஹாபி உண்டென்றால் அது போன்தான். கோயிலுக்குப் பின்னால் எங்களுக்கு ஓர் அறை. நாதஸ்வரம் வாசிக்கும் கலியமூர்த்தி அண்ணன், மடப்பள்ளிச் சமையல்காரர், நான். காலைப் பூசை முடிந்து பசியாறியதும் மூவரும் ஆளுக்கொரு மூலையில் போனோடு உட்கார்ந்துவிடுவோம். பசியாறுவது என்றால் இங்கே காலைச் சாப்பாடு. முதல் நாள் குணா "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டபோது, பெற்ற தாய் கேட்டதுபோல எனக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான் கேட்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. நாங்கள் போனை எடுக்கும்போது இங்கே வெயில் ஏறியிருக்கும், ஊரில் அப்போதுதான் வாசல் தெளித்துக்கொண்டிருப்பார்கள். என் தங்கை செல்வி போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு வேலை பார்ப்பாள். அவள் மகள் யாழினி திரைக்கு மிக அருகில் வந்து மூக்கை மட்டும் காட்டுவாள். நான் விமானம் ஏறும்போது அவள் குப்புற விழக்கூடப் பழகாத கைக்குழந்தை. இப்போது மூன்று வயது, வாய் எட்டூருக்குக் கேட்கும். ஆனால் எனக்குத் தெரிந்த யாழினி உள்ளங்கை அகலம்தான்.

ஒரு நாள் செல்வி சொன்னாள்: "அண்ணே, பங்குனி உத்திரத்துக்குப் பாப்பாவுக்குக் காது குத்தலாம்னு இருக்கோம். நீ வந்துருவல்ல?" காது குத்தென்றால் தாய்மாமன் மடி வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவளுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருத்தன்தான். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தாய்வீடு என்று அவள் நாலு பேர் முன்னால் காட்டிக்கொள்ள இருப்பது என் மடி மட்டும்தான். அது காலியாக இருந்தால் புகுந்த வீட்டில் அவளுக்குத் தலைகுனிவு. எனக்கு அதைவிடப் பெரிய வேதனை.

கோயில் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நல்ல மனிதர். அவரிடம் போய் நின்றேன். பங்குனி உத்திரம் இங்கேயும் பெருவிழா, தெரிந்தேதான் கேட்டேன். "ஐயா, ஒரு வாரம் மட்டும் விடுங்க. மேளத்துக்குத்தான் மிஷின் இருக்கே." சுவிட்சைப் போட்டால் மணியும் முரசும் தானே அடிக்கும் மிஷின் அது. சிரித்துவிட்டார். "தம்பி, தெனப் பூசைக்கு மிஷின் சரி. சாமி தேர்ல ஏர்றப்ப மிஷினையா தூக்கிக்கிட்டுப் போறது? ஆளு வேணும்லா." என் பிழைப்பில் மண்ணைப் போட வந்த சனியன் என்று அந்த மிஷினை எத்தனை நாள் திட்டியிருப்பேன்! அன்றைக்குத்தான், பாவி, நீ இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரனாக இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது.

"வீடியோல பாத்துக்கிறேம்மா, ரவி மடியில வச்சுக் குத்திருங்க" என்றேன். ரவி எங்கள் சித்தப்பா மகன். "மொகம் தெரியும், பேச்சு கேக்கும். மடிக்கு எங்கண்ணே போறது? போனுக்கு மடி இருக்கா?" என்று கேட்டுவிட்டுச் செல்வி போனை வைத்துவிட்டாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். தவில்காரனுக்கே அந்தக் கதி.

முகம் தொங்கிப்போய்த் திரிந்த என்னைக் குணா அந்த ஞாயிற்றுக்கிழமை ஆயர் தாவார் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். அவன் பிறந்த ரப்பர் தோட்டம் அங்கேதான் இருந்தது. அவன் அப்பாவும் அம்மாவும் அங்கே பால்மரம் வெட்டியவர்கள், அதாவது மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுத்தவர்கள். இப்போது ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, கண்ணுக்கெட்டிய வரை எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. நடுவில் ஒரு சின்ன மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. "இங்கதான் எங்க லயத்து வீடு" என்று, தொழிலாளர்களின் வரிசை வீடுகள் இருந்ததாக அவன் கை காட்டிய இடத்திலும் செம்பனைதான். நான் போனைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தேன். பார்க்க முடிகிறது, தொட முடியவில்லை, இதெல்லாம் ஒரு வாழ்க்கையா என்று. அவன் கோயில் படியைத் துடைத்து உட்கார்ந்தான். "ஒங்களுக்கு ஊரு போன்லயாச்சும் இருக்குண்ணே. எங்க தோட்டத்துக்கு எந்த போன்ல அடிக்கிறது? இந்தக் கோயில்லதான் எங்கப்பாகூட நின்னு மொத மொதல்ல உறுமி அடிச்சேன். இப்ப எங்க அடிச்சாலும் இங்க நிக்கிற மாதிரி இருக்குலா, அதான் விடாம அடிக்கிறேன்." பைத்தியம் என்று நினைத்ததற்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

உத்திரத்தன்று காலை பால்குடங்கள் வந்து இறங்கிவிட்டன. குடங்களுக்கு முன்னால் அடித்துக்கொண்டு வந்த குணா வேர்வையில் குளித்திருந்தான். அபிஷேகம் தொடங்கக் கொஞ்சம் நேரம் இருந்தது. நான் மண்டபத்தில் தவிலை மடியில் வைத்து உட்கார்ந்திருக்க, குணா என் போனை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான். திரையில், ஊரில் ரவி மனைப்பலகையில் மாமன் வேட்டியோடு உட்கார்ந்திருந்தான். வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்! செல்வி திடீரென்று புருஷன் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள். "மடி ரவியோடதா இருக்கட்டும். ஆனா எம்புள்ள எங்கண்ணன் மேலதான் ஒக்காருவா" என்று சொல்லி, போனை ரவியின் மடியில் மல்லாக்க வைத்து, அதன்மேல் யாழினியை உட்காரவைத்துவிட்டாள்.

எனக்கு எல்லாம் இருட்டாகிவிட்டது. பட்டுப்பாவாடை சரசரக்கும் சத்தம் மட்டும் கேட்டது. "புடிச்சுக்குங்க" என்று ஆசாரியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. பின்னாலேயே யாழினியின் வீறல். அந்த நேரம் கெட்டிமேளம் முழங்க வேண்டும், பிள்ளையின் அழுகை வெளியே கேட்கக் கூடாது. மேளத்துக்கு ஆள் கிடைக்காமல் ஸ்பீக்கரில் போட ஏற்பாடு செய்திருந்தார்கள். "மேளம் எங்கப்பா, மேளத்தப் போடு!" என்று யாரோ கத்தினார்கள். "மேளம் அந்தப் போன்லதான மாமா இருக்கு! பாப்பா அதுமேல ஒக்காந்திருக்கா!" என்றான் என் மச்சான். கூறு கெட்ட குடும்பம் என்றால் எங்கள் குடும்பம்தான்.

"அண்ணே, அடிங்கண்ணே!" என்றான் குணா, போனைத் தவிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து. அடித்தேன். ஐயோ, எப்படி அடித்தேன்! கெட்டிமேளம் என் போனில் ஏறி, கடல் தாண்டி, அந்தப் போனோடு இணைத்திருந்த வீட்டு ஸ்பீக்கரில் இறங்கி அலறியது. யாருக்கு எதற்கு என்று தெரியாமலே கலியமூர்த்தி அண்ணன் நாயனத்தை எடுத்துச் சேர்ந்துகொண்டார். மண்டபத்துப் பெண்கள் பொண்ணு மாப்பிள்ளையைத் தேடினார்கள். வருஷா வருஷம் பால்குடம் எடுக்கும் ஒரு சீன அம்மா மலாயில் குணாவிடம் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். "காது குத்துலா ஆன்ட்டி" என்றான் அவன். அந்த அம்மா சுற்றிலும் இருந்த பிள்ளைகளின் காதையெல்லாம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

திரையில் வெளிச்சம் வந்தது. கண்ணீரும் மூக்குச்சளியுமாக யாழினி, காதில் இரண்டு பொட்டுத் தங்கம். தேம்பிக்கொண்டே கேட்டாள்: "மாமா, நீ எனக்கு அடியிலயா இருந்த?" ஆமாம்டா கண்ணு என்று தலையை ஆட்டினேன்.

போனை என் கையில் கொடுத்துவிட்டுக் குணா கேட்டான், "அண்ணே, இப்ப அடிச்சீங்களே, அது வேலையா?" கூலி பேசாமல், யாரும் அமர்த்தாமல் நான் வாசித்தது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. "இல்லடா" என்றேன். "அதான்லா ஹாபி" என்று உறுமியைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான். அதற்கு அந்தப் பேரை வைக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை. வேறு பேரும் தெரியவில்லை.

அபிஷேகத்துக்கு மணி அடித்தது. தவிலை மறுபடி மடிக்கு இழுத்தேன். அதன் கனம் எனக்குப் பழக்கம், யாழினியின் கனம்தான் தெரியாது. வழக்கமாக நடுமடியில் வைப்பதைக் கொஞ்சம் தள்ளி, ஒரு தொடையைக் காலியாக விட்டு வைத்துக்கொண்டேன். கலியமூர்த்தி அண்ணன் நாயனத்துச் சீவாளியைச் சரிசெய்துகொண்டே பார்த்தார். "என்னடா, ஒரு பக்கமா ஒதுக்கி வச்சிருக்க?"

"புள்ள ஒக்காந்ததுல கால் மரத்துப்போச்சுண்ணே" என்றேன்.