நீலக் கடுதாசியில் நான் எழுதிய திகதிகள்

பதினெட்டு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதி வருகிறேன். மழை விழுந்த நாள், கிணற்றில் நீர் வற்றிய நாள், ஊரில் யார் எப்போது இறந்தார், எந்தக் கிழமை பத்திரிகையில் என்ன செய்தி வந்தது, எல்லாம் அதில் உண்டு. அரியாலையில் காணி வழக்குக்காரர் சிலர் திகதி சரிபார்க்க என் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். நான் குறித்த திகதி பிழையாக இருந்ததில்லை என்று ஒரு பேச்சும் இருந்தது. 1943ஆம் ஆண்டில் ஐந்து மாதங்கள் நான் தெரிந்தே பொய்த் திகதி எழுதினேன். நாட்குறிப்பில் அல்ல, நீலக் கடுதாசியில். அந்தக் கடுதாசிகள் எல்லாம் எப்போதோ குப்பைக்குப் போயிருக்கும்.

அப்போது யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு மருந்துச் சாமான் கடையில் கிளாக்கராக இருந்தேன். நோயாளிகளுக்கு விற்கும் கடையல்ல. சிறிய ஆஸ்பத்திரிகளுக்கும் வைத்தியர்களுக்கும் மருத்துவிச்சிகளுக்கும் பஞ்சு, காயம் கட்டும் துணி, கண்ணாடி ஊசி, இறப்பர்க் குழாய் முதலியன கொடுக்கும் கடை. முதலாளி மிசன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். ஞாயிறு ஆராதனைக்குத் தவறமாட்டார். கடைத் தராசை மாதம் ஒருமுறை தாமே சோதிப்பார். அவரைக் கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்கு வசதியாக இருக்கும். அவர் கெட்டவரல்லர். கெட்டவராக இருந்திருந்தால் நான் முதல் வருடத்திலேயே விலகியிருப்பேன்.

சிங்கப்பூர் 1942 பெப்ரவரி பதினைந்தாம் திகதி விழுந்தது. ஏப்ரலில் யப்பான்காரர் கொழும்பிலும் திருக்கோணமலையிலும் குண்டு போட்டார்கள். கப்பலில் வந்துகொண்டிருந்த ஆஸ்பத்திரிப் பஞ்சு குறைந்து, பிறகு நின்றே போயிற்று. மருத்துவிச்சிகள் பழஞ்சேலை கிழித்துப் பாவிக்கத் தொடங்கினார்கள். முதலாளி இரண்டு கிழமை யோசித்து ஒரு வழி கண்டார்.

எங்கள் பக்கத்தில் பெரும்பாலானோர் பாயில் படுப்பவர்கள். மெத்தை இருந்தாலும் அது இலவம் பஞ்சு. இலவம் பஞ்சு நீரை உறிஞ்சாது, காயத்துக்கு உதவாது. மலாயாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்று வந்தவர்களின் வீடுகளில் மட்டும் நல்ல பருத்திப் பஞ்சு மெத்தைகள் இருந்தன. முதலாளி அவற்றை வாங்குவித்தார். கடையின் பின்வளவில் பஞ்சைப் பிரித்து, சலவைச் சோடா போட்டு அவித்து, நாலு தண்ணீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, அடித்துச் சுருட்டி, கடைசியாக இறுக்கி மூடும் ஒரு செப்புப் பாத்திரத்தில் அடைத்து அரை மணித்தியாலம் நீராவி பிடிப்பார்கள். அதன் பிறகு சுருளை நீலக் கடுதாசியில் சுற்றுவது என் வேலை. கடுதாசியின் மேல் “நீராவியில் சுத்தி செய்த திகதி” என்று அச்சடித்து, பக்கத்தில் இடம் விட்டிருந்தது. அந்த இடத்தை நான் நிரப்புவேன். என் கையெழுத்து அழகானது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அரியாலைக்கும் கொழும்புத்துறைக்கும் ஒரே மருத்துவிச்சிதான். மிசன் ஆஸ்பத்திரியில் பயின்றவர், நடுவயது, கறுப்புக் குடையும் தோல் பையும் இல்லாமல் அவரைக் கண்டவர் இல்லை. பஞ்சு வாங்க வந்தால் சுருளைத் திருப்பித் திகதியைப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் வைப்பார்.

“தம்பி, உம்மடை எழுத்து ஐயர் வைச்ச முகூர்த்தம் மாதிரி. கண்டால் மனம் ஆறும்.”

“ஐயரும் சிலநேரம் பிழைவிடுவார் அக்கா.”

“ஐயர் விடுவார். நீர் விடமாட்டீர். அதுதானே சொல்லுறன்.”

அந்த மெத்தைகள் எப்படிக் கிடைக்கின்றன என்பதை என் நாட்குறிப்பே எனக்குக் காட்டிக்கொடுத்தது. ஒருநாள் ஓர் உறையில் பழுப்புக் கறை கண்டேன். அந்த உறையின் கோடுகளை எங்கோ பார்த்த நினைவு. வீட்டுக்குப் போய் நாட்குறிப்பைப் புரட்டினேன். மெத்தை வந்த நாட்களையும் நான் குறித்திருந்த மரணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு மெத்தையும் ஒரு பிரேதம் எடுத்து ஓரிரு நாட்களில் வந்திருந்தது. உயிர் போன மெத்தையை எங்கள் ஊரில் எவரும் திரும்ப வீட்டுக்குள் எடுப்பதில்லை. வேலியோரம் போட்டுவிடுவார்கள். கேட்டால் மனநிம்மதியோடு கொடுப்பார்கள். பறை கேட்ட திசையில் எங்கள் கடை வண்டி போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் காலை முதலாளியிடம் கேட்டேன்.

“ஐயா, உந்த மெத்தையள் செத்த வீடுகளிலையிருந்தோ வருகுது?”

“ஓம். அதுக்கென்ன?”

“போன கிழமை வந்தது ஒரு சயரோகக்காரற்றை. இரண்டு வருசம் அதிலைதான் கிடந்து இருமினவர்.”

“அவரையோ அவிக்கிறம்? பஞ்சைத்தானே அவிக்கிறம்.” சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்: “நீர் புத்தகம் வாசிக்கிறனீர். அரை மணித்தியாலம் நீராவியிலை இருந்து தப்பிற கிருமி ஒண்டைக் காட்டும் பார்ப்பம். ஊத்தைச் சேலையாலை பிள்ளைப்பெத்தவளைத் துடைக்கிறது நல்லதோ, இது நல்லதோ?”

நான் புத்தகங்களில் தேடினேன். அவர் சொன்னது சரியாகவே இருந்தது. நெருப்பு எரியும் வரைக்கும் சரி.

கிட்டத்தட்ட ஒரு வருடம் ஒழுங்காக நடந்தது. பஞ்சுக்கு மன்னார், வவுனியாவிலிருந்தும் ஆள் வந்தது. விலையும் ஏறியது. பளையில் ஒரு தென்னந்தோட்டம் விலைபேசுவதாக முதலாளி சொன்னார். அந்த நேரம் பார்த்து, நீராவிப் பாத்திரத்தைக் கவனித்துவந்த தொழிலாளி பலாலியில் விமானத்தளம் கட்டும் வேலைக்குப் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு வேறு ஆள் எடுக்கவில்லை. தினமும் பிடித்த நீராவி ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றாயிற்று. 1943 வைகாசியில் பாத்திரத்து மூடியின் இறப்பர் வளையம் வெடித்தது. கொழும்புக்கு எழுதினோம். ஒரு மாதமாகும் என்று மறுமொழி வந்தது.

“வளையம் வருமட்டும் பஞ்சை நிற்பாட்டுவமோ ஐயா?”

“நிற்பாட்டினால் எங்கடை ஆக்களை மற்றக் கடைக்காரன் பிடிச்சிடுவான். ஒருக்காப் போனவை திரும்பி வராயினம். சோடாவிலை அவிக்கிறம்தானே. மிச்சத்தை யாழ்ப்பாணத்து வெயில் பார்க்கும். நீர் திகதியைப் போடும்.”

“எந்தத் திகதி ஐயா?”

“என்ன, எந்தத் திகதி? இண்டையத் திகதி.”

போட்டேன். நான் எழுதிய திகதி பஞ்சாங்கப்படி சரிதான். அன்றைக்கு நடந்ததாக அந்தக் கடுதாசி சொன்ன காரியம்தான் நடக்கவில்லை.

ஆனியில் வளையம் வந்து சேர்ந்தது. அதற்குள் எவரும் முறைப்பாடு சொல்லாததால் அது அவசரமான சாமானாகத் தெரியவில்லை. பொட்டலம் பிரிக்கப்படாமலே சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. நான் கதிரையிலிருந்து நிமிர்ந்தால் அதுதான் கண்ணில் படும். ஆவணியில் விறகுத் தட்டுப்பாடு வந்ததும் அவிப்பதையும் பாதியாகக் குறைத்தார்கள். திகதி மட்டும் குறையவில்லை.

ஏன் பேசாதிருந்தேன் என்று என்னை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள், வேலையை விட முடியாது என்று வெகுகாலம் பதில் வைத்திருந்தேன். அது முழு உண்மையல்ல. நாட்டில் அப்போது வேலைக்குப் பஞ்சமில்லை. பலாலியில் மண் சுமக்கலாம். வெள்ளை வேட்டியோடு கதிரையில் இருந்து அழகாக எழுதும் வேலைதான் வேறு இல்லை. நான் விட மனமில்லாமல் இருந்தது அந்தக் கதிரையை.

இன்னும் ஒன்றையும் எழுதவேண்டும். கடைசியாக ஒழுங்காக நீராவி பிடித்த பஞ்சில் ஒரு சுருளை எடுத்துவந்து, வீட்டு அலுமாரியில் மனைவியின் கூறைச்சேலைக்குப் பின்னால் வைத்திருந்தேன். கடைப் பஞ்சைப் பற்றி எனக்குச் சரியாகத் தெரியாது என்று நான் எவரிடமும் சொல்ல முடியாது.

“இஞ்சருங்கோ, உதென்ன கூறைக்குப் பின்னாலை?” என்று மனைவி ஒருநாள் கேட்டாள்.

“உமக்குத்தான். இப்ப தொடாதையும்.”

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை காலை அவளுக்கு நோக்காடு கண்டது. மருத்துவிச்சியைக் கூட்டிவந்தேன். அவர் கைகழுவிவிட்டுப் பையைத் திறந்து, மேசையில் இரண்டு சுருள்களை வைத்தார். இரண்டிலும் என் கையெழுத்து. நான் அலுமாரியைத் திறந்து என் சுருளை எடுத்து நீட்டினேன்.

“அக்கா, இதைப் பாவியுங்கோ.”

“ஏன் தம்பி? நான் கொண்டந்ததும் உங்கடை கடைதானே? உம்மடை எழுத்துத்தானே?”

“அது ஈரம் பட்டது. கடையிலை ஒழுக்கு.”

அவர் ஒரு சுருளை விரலால் அமுக்கிப் பார்த்தார். “காய்ஞ்செல்லே கிடக்கு.”

“முந்திப் பட்டது.”

“பார் பிள்ளை, உன்ரை மனுசனை!” என்று உள்ளே திரும்பிச் சொன்னார். “ஊருக்கெல்லாம் கடைச்சாமான், பெண்சாதிக்கு மட்டும் பெட்டகச் சாமான். தலைப்பிள்ளைக்கு எல்லா ஆம்பிளையளும் இப்பிடித்தான் நடுங்கிறது.”

மனைவி அந்த வலியிலும் சிரித்தாள். மருத்துவிச்சி தன் இரண்டு சுருள்களையும் திரும்பப் பைக்குள் வைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதை எறியுங்கோ அக்கா என்று சொன்னால் போதும். ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் அன்று மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், நான் எழுதியவை எல்லாம் பொய் என்று. பையின் கொளுவி பூட்டிய சத்தம் கேட்டது. அவர் என்னை வெளியே போகச் சொன்னார்.

முற்பகல் பத்து நாற்பதுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. நிமிடம் பிழையாமல் நாட்குறிப்பில் எழுதினேன்.

மருத்துவிச்சி எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போதே கொழும்புத்துறையிலிருந்து ஆள் வந்தது. கடற்றொழில் செய்யும் குடும்பம். பத்தொன்பது வயதுப் பெண், அவளுக்கும் முதற்பிள்ளை. மருத்துவிச்சி குடையை விரித்துக்கொண்டு எங்கள் படலையால் நேரே அங்கே போனார். பின்னேரம் பிள்ளை பிறந்தது. மூன்றாம் நாள் அவளுக்குச் சுரம் காய்ந்தது. ஒன்பதாம் நாள் இறந்தாள். பிள்ளை தப்பிவிட்டது.

அந்தச் சுருளால்தான் என்று எவராலும் நிரூபிக்க முடியாது. பிள்ளைப்பேற்றுச் சுரத்தில் அந்தக் காலத்தில் எத்தனையோ பெண்கள் இறந்தார்கள். இந்த இரண்டு வசனங்களையும் நான் எத்தனை தரம் எனக்குள் சொல்லியிருப்பேன் என்பதற்கு மட்டும் என்னிடம் குறிப்பில்லை.

இரண்டு கிழமை கழித்து மருத்துவிச்சி கடைக்கு வந்தார். குடை இல்லை. மிச்சமிருந்த ஒரு சுருளை என் மேசையில் வைத்தார். முதலாளி உள்ளே கதிரையில் இருந்தார்.

“தம்பி, ஒண்டு கேக்கிறன். அண்டைக்கு இது ஈரம் பட்டதெண்டு நீர் சொன்னனீர் எல்லே?”

“ஓம் அக்கா.”

“சொன்னனீர். நான்தான் கேக்கேல்லை. நீராவி பிடிச்ச பஞ்சு, திகதியும் கிடக்கு, காய்ஞ்சும் கிடக்கு, ஒண்டும் செய்யாதெண்டு நினைச்சன். கையிலை வேறையும் இல்லை. நீர் சொல்லியும் பாவிச்சன் தம்பி. அந்தப் பெட்டையைச் சாகடிச்சது நான்தான்.”

இப்போது சொல்லலாம், இப்போது சொல்லத்தான் வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பேனையைக் கையில் பிடித்தபடி இருந்தேன். ஆணியில் பொட்டலம் தொங்கியது. உள்ளே கதிரை கிறீச்சிட்டது. முதலாளி வந்து அவருக்கு எதிரே நின்றார்.

“மனம் நோகாதையுங்கோ. எல்லாம் ஆண்டவற்றை சித்தம். இனிமேல் ஈரம் படாமல் வைச்சிருக்கச் சொல்லி நாங்கள் கடுதாசியிலையே அடிச்சுவிடுறம்.”

மருத்துவிச்சி கும்பிட்டுவிட்டுப் போனார். முதலாளி என் பக்கம் திரும்பினார். “நீங்கள் சமாளிச்சுப்போட்டியள்” என்றார். அதுவரை அவர் என்னை ‘நீர்’ என்றுதான் சொல்லிவந்தார். பிறகு நான் அங்கே இருந்த காலம் முழுவதும் ‘நீங்கள்’தான்.

அடுத்த கிழமை பொட்டலத்தைப் பிரித்து வளையத்தை மாட்டினார்கள். ஏன் திடீரென்று என்று எவரும் கேட்கவில்லை. அரை நாள் வேலைதான் இருந்தது. புதுக் கடுதாசியில் திகதிக்குக் கீழே “ஈரம் படாமல் பாதுகாக்கவும்” என்ற வரியும் வந்தது. பளைத் தென்னந்தோட்டம் தை மாதம் உறுதி எழுதி முதலாளி பேருக்கு வந்தது. நான் மேலும் ஆறு வருடங்கள் அந்தக் கதிரையில் இருந்தேன்.

மருத்துவிச்சி அதன்பின் ஒரு பிள்ளைப்பேறும் பார்க்கவில்லை. பெண்கள் விடுதி ஒன்றில் தையல் சொல்லிக்கொடுத்தார். வழியில் கண்டால் நின்று என் மகளைப் பற்றி விசாரிப்பார். மகளுக்கு ஐந்து வயதானபோது அவளையும் கையில் பிடித்துக்கொண்டு போகையில் ஒருநாள் கண்டோம். குனிந்து அவள் கன்னத்தைத் தொட்டார்.

“நல்லகாலம் தம்பி, அண்டைக்கு உம்மடை வீட்டிலை நீர் என்னை மறிச்சது” என்றார்.

“ஓம் அக்கா” என்றேன்.