நாற்பத்திரண்டு மரத்துக்குப் பொட்டு

மாரித்தாய் சாப்பிடுகிறாள் என்று சொன்னால் அது பொய். பதினெட்டு வருஷமாகப் பார்க்கிறேன், அவள் விழுங்குவாள். எம். புதுப்பட்டியில் எங்கள் பட்டாசுக் கம்பெனி வேம்படியில் பன்னிரண்டரைக்குத் தூக்குவாளியைத் திறப்பாள். ஒரு மணிக்கு நான் விசில் ஊதுவதற்குள் சோறும் போயிருக்கும், குழம்பும் போயிருக்கும், வாளியும் கழுவி ஆகியிருக்கும்.

"நாகையாண்ணே, ஒங்க விசிலுக்குப் பயந்தே எம் பல்லு தேயாமக் கெடக்கு. நான் சோறு திங்கிறது ஞாயித்துக்கிழமை மட்டுந்தான். அதுவும் எங்காட்டு வேம்படியில."

நான் கேட் வாட்ச்மேன். விசில் ஊதச் சொல்லித்தான் கம்பெனி எனக்குச் சோறு போடுகிறது. ஊதினால் குற்றம், ஊதாவிட்டால் போர்மேன் குதிப்பார். நான் என்ன செய்ய?

ஊருக்கு மேற்கே அவளுக்கு ஒரு துண்டு மானாவாரிக் காடு உண்டு. நடுவில் அவள் சொன்ன அந்த வேம்பு. சுற்றிலும் தீப்பெட்டிக் கம்பெனிக்கு விற்க நாற்பத்திரண்டு தீக்குச்சி மரம் வைத்து, எட்டு வருஷம் குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்த்தாள். புருஷன் லாரியில் வடக்கே போனால் மாதம் கழித்துத்தான் முகம் காட்டுவார். சுமந்ததெல்லாம் இவள்தான். தீக்குச்சி மரம் நெட்டையாக வளருமே தவிர, அதன் நிழலில் ஒரு கோழிகூட ஒதுங்காது. நிழல் என்றால் அந்த வேம்புதான்.

இந்த வருஷம் மரம் வெட்டுக்கு வந்துவிட்டது. காண்ட்ராக்டர் தேடினாள். முதலில் வந்தவன் தீக்குச்சி மரத்தை ஏறிட்டும் பார்க்காமல் நேரே போய் வேம்பைக் கட்டிப்பிடித்துச் சுற்றளவு பார்த்தான். இரண்டாவது ஆளும் அதே கட்டிப்பிடி. "எம் மரத்த எம் முன்னாலயே கட்டிப்பிடிக்கியா? எட்ட நில்லுலே!" என்று விரட்டிவிட்டாள். மூன்றாவதாக வந்த மல்லாங்கிணறு செல்வக்குமார் வேம்படியில் உட்கார்ந்து, வேர்வையைத் துடைத்து, "நல்ல நெழலு, அக்கா" என்றான். அந்த ஒரு சொல்லுக்கே வேலை அவனுக்கு என்று ஆகிப்போனது.

"வேம்பத் தொடக்கூடாது" என்றாள் மாரித்தாய்.

"தொட மாட்டோம்க்கா. எனக்கு அங்கிட்டு வேற வேல கெடக்கு. எங்காளு பெத்துராஜ் மிஷினோட வருவாரு. நீங்க மரத்துல அடையாளம் மட்டும் போட்டு வச்சிருங்க."

அடையாளம் போடு என்றானே, வெட்டுகிற மரத்துக்கா வெட்டாத மரத்துக்கா என்று அவனும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. மனுஷர்களைச் சொல்லி என்ன பயன், வாய் எதற்கு இருக்கிறதோ!

வெட்டுக்கு முந்தின சாயங்காலம் இவள் கிண்ணம் நிறைய மஞ்சளும் குங்குமமும் எடுத்துக்கொண்டு போனாள். வளர்த்த மரத்தை வெறும் நெற்றியோடு அனுப்ப மனசு வரவில்லையாம். வெட்டப் போகிற நாற்பத்திரண்டுக்கும் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, தொட்டுக் கும்பிட்டிருக்கிறாள். வேம்புக்கு மட்டும் வைக்கவில்லை. அதுதான் எங்கேயும் போகவில்லையே!

மறுநாள் வெட்டு, ஆனால் தீபாவளி சீசன் உச்சம். லீவு என்று வாயைத் திறந்தாலே போர்மேன் முறைப்பார். மாரித்தாய் வழக்கம்போலக் கேட்டில் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். வெடிமருந்து இருக்கிற இடத்துக்குள் போன் போகக்கூடாது. எல்லாப் போனும் என் பெட்டியில்தான் கிடக்கும்.

பதினொரு மணிக்கு அவள் போன் அடித்தது. அடுத்தவர் போனை நான் எடுப்பதில்லை, அது என் கொள்கை. ஏழு தடவை அடித்தது. எட்டாவது தடவை கொள்கை போய்விட்டது.

"யாரு?"

"நான் பெத்துராஜ், மரம் வெட்ட வந்திருக்கேன். அண்ணாச்சி, இங்கன அம்புட்டு மரத்துலயும் மஞ்ச குங்குமம் இருக்கு! நாப்பத்திரெண்டு சாமிய ஒரே நாள்ல வெட்டுனா எங்குடும்பம் என்னத்துக்கு ஆகும்? அடையாளத்தப் பாத்து வெட்டுன்னு மட்டுந்தான் செல்வக்குமாரு சொன்னாரு, இப்ப அவருக்கும் லைன் கெடைக்கல. பொட்டு வைக்காம ஒரே ஒரு மரந்தான் நிக்கி. அத வெட்டவா?"

உள்ளே ஆளனுப்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் என்னிடம் ஒருத்தன் யோசனை கேட்டு எத்தனை காலமாயிற்று! நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "பொட்டு வச்சதத் தொடலாமாய்யா? வைக்காதத வெட்டு" என்றேன். என்ன மரம் என்றுகூடக் கேட்கவில்லை. இப்போதும் நினைத்தால் என்னையே நாலு சாத்துச் சாத்தலாம் போலிருக்கிறது.

பன்னிரண்டரைக்கு அவள் வாளியைத் திறந்ததும் பெருமையாகப் போய்ச் சொன்னேன். "ஒன் மர வேலையெல்லாம் முடிச்சுவிட்டேன் தாயி. சாமி மரத்த விட்டுட்டு மத்தத வெட்டச் சொல்லிட்டேன்."

வாயில் வைத்த சோறு அப்படியே நின்றது. "பாவி மனுசா!" என்று எழுந்தாள். "அது எம் வேம்புல்லா!"

கேட்டுக்கு ஓடி, போனை வாங்கிப் பெத்துராஜை அழைத்தாள். மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. "மிஷின் சத்தத்துல கேக்காது" என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் கண் கலங்கிப்போனது. பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ பார்த்துவிட்டேன், இவள் அழுது பார்த்ததில்லை.

அனுமதிச் சீட்டு இல்லாமல் கேட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினாள். தாண்டியவளைத் தடுப்பதுதான் என் வேலை. நான் வாசல் பெருக்குகிற குருவம்மாள் கையில் சாவியைத் திணித்துவிட்டு, மொபெட்டை எடுத்தேன்.

"ஏறு தாயி!"

மூன்று மைல். தூக்குவாளி என் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது. அந்த இடி எனக்கு வேண்டும்தான்.

காட்டில் மிஷின் சத்தமே இல்லை. முடிந்துவிட்டது என்று மொபெட்டை அப்படியே போட்டேன். ஓடிப் பார்த்தால், வேம்பு நிற்கிறது! ஒரு கொப்பில் பெத்துராஜின் சட்டை, இன்னொரு கொப்பில் சோற்றுப் பை. அடியில் மிஷினைத் தலைமாட்டில் வைத்து நாலு பேரும் குறட்டை விடுகிறார்கள்.

பெத்துராஜை உலுக்கி எழுப்பினேன். "வெட்டலயாய்யா?"

"அடிக்கிற வெயில்ல இத வெட்டிப்புட்டு எங்கன ஒக்காந்து சோறு திங்க? சாப்பிட்டு, செத்த கண்ணசந்துட்டு வெட்டலாம்னு..."

மாரித்தாய் அழுதுகொண்டே சிரித்தாள். விஷயம் புரிந்ததும் பெத்துராஜ் தலையைச் சொறிந்தான். "சரிக்கா, அந்தப் பொட்டெல்லாம் அழிச்சு விடுங்க. நாங்க வெட்டிருவோம்."

"எங்கையால பொட்ட அழிக்கவா? நீ சூடங் கொளுத்திக் கும்புட்டு வெட்டு."

அப்படியே தொடங்கினார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் சூடம், ஒரு மன்னிப்பு, அப்புறம் மிஷின். தன் துண்டை அவிழ்த்து வேம்பைச் சுற்றிக் கட்டினான் பெத்துராஜ். "இனி எவனும் தொட மாட்டான்க்கா."

அவள் வேம்பில் சாய்ந்து உட்கார்ந்து வாளியைத் திறந்தாள். என் பையில் போன் அலறியது. போர்மேன்தான், வேறு யார்? மணி பார்த்தேன், ஒன்று இருபது. பழக்கதோஷம், கை தானாகக் கழுத்தில் கிடந்த விசிலுக்குப் போனது.

மாரித்தாய் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வாயில் சோறு இருந்தது. விழுங்கவில்லை.

விசிலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். நிதானமாக, கன்னம் அசைய, அவள் மென்றாள்.