தராசை உடைத்த ஜெயபிரகாஷ்

ரிச்சர்ட்சன் நகரத் தமிழ்ச் சபையில் யார் ஊருக்குக் கிளம்பினாலும், பாஸ்டரிடம் ஜெபம் வாங்குகிறார்களோ இல்லையோ, ஜெயபிரகாஷ் அண்ணனிடம் பெட்டியைக் காட்டிவிடுவார்கள். அவர் கைப்பிடியைப் பிடித்து முழங்கால் உயரத்துக்குத் தூக்குவார். கண்ணை மூடுவார். "ஐம்பத்தொண்ணு. அந்த பாதாம் பாக்கெட்ட எடுத்துருங்க" என்பார். எடுத்துவிட்டுப் போனால் ஏர்போர்ட் தராசில், விமானத்தில் அனுமதிக்கும் ஐம்பது பவுண்டு சரியாக இருக்கும்.

இதைத் தவிர அவரால் சபைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது என் அபிப்பிராயம். பாட்டு வராது. ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சி சொல்ல எழுப்பினால் இருமல் வந்துவிடும். இரண்டு இருமு இருமிவிட்டு உட்கார்ந்துகொள்வார்.

போன வருடம் சபையிலிருந்து ஆறு பேர் மலாவியில் ஒரு கிராமத்துக்கு ஊழியத்துக்குப் போனோம். நான் பல் டாக்டர். மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு வேலை இருந்தது. அண்ணனை அவர் மனைவி கலாவதி அக்காதான் பிடித்துத் தள்ளினார்.

"நான் போய் என்ன பண்ணுவேன் கலா? டெலிகாம் டெஸ்டிங்கா?"

"ஆண்டவருக்குத் தெரியும். கெளம்புங்க."

கிராமத்தில் இறங்கியதும் போனைப் பார்த்தார். எங்கள் தெருவைவிட அங்கே சிக்னல் நன்றாக இருந்தது. தன் தொழிலுக்கும் அங்கே வேலையில்லை என்று மனிதர் இடிந்து போனார். மூன்று நாள் எங்களுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தார்.

நான்காம் நாள் அந்த விபரீதம் நடந்தது. கிளினிக் வாசல் மாமரத்தில் குழந்தைகளை நிறுக்கும் தராசு தொங்கிக்கொண்டிருந்தது. முள் வைத்த வட்டத் தராசு, கீழே ஒரு கொக்கி. பெட்டி தூக்கிப் பழகிய கை சும்மா இருக்குமா? என் பல் சாமான் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "எழுபது பவுண்டு" என்றார். சரிதானா என்று பார்க்கக் கொக்கியில் மாட்டினார். எழுபது பவுண்டு என்றால் முப்பத்திரண்டு கிலோ; தராசோ இருபத்தைந்து கிலோவுக்கானது. ஸ்பிரிங் அறுந்து, பெட்டி என் கால் கட்டைவிரலுக்கு ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது.

மறுநாள் குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாள். அறுபது தாய்மார் நடந்து வருவார்கள். வேறு தராசு வர ஒரு வாரமாகும். கிளினிக் நர்ஸ் தமாண்டா அறுந்த ஸ்பிரிங்கைப் பொறுக்கி மேஜைமேல் வைத்தார். உதவ வந்த இடத்தில் இருந்த ஒன்றையும் உடைத்துவிட்டோமே என்று எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அண்ணன் அன்று சாப்பிடவேயில்லை.

காலையில் அவரே நர்ஸிடம் போய், "நான் கையால் தூக்கி எடை சொல்கிறேன்" என்றார். அந்த அம்மாள் லேசில் நம்புகிறவர் இல்லை. அண்ணன் கண்ணைத் துணியால் கட்டி, எடை போட்ட மாவு மூட்டை, சர்க்கரைப் பை என்று ஆறு சாமான்களை ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தார். அண்ணன் பவுண்டில் யோசித்து, விரல் விட்டு எண்ணிக் கிலோவில் சொன்னார். ஆறும் சரி. அப்போதும் நர்ஸ், பிறகு திருத்த வசதியாக, பேனாவை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தார்.

வரிசை நகர்ந்தது. கொழுகொழுவென்று ஒரு பையனைத் தூக்கியதும் பழக்க தோஷத்தில், "ரெண்டு பவுண்டு எடுத்துரணும்" என்றார். நல்லவேளை, தமிழில் சொன்னார். ஆனால் முகத்தைப் பார்த்தே அந்தத் தாய் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள்.

நாற்பதாவதோ என்னவோ, சிசோமோ என்று ஒரு பெண் குழந்தை. பத்து மாதம். தூக்கினார். கண்ணை மூடினார். இறக்கவில்லை. மறுபடியும் ஒருமுறை ஏந்திப் பார்த்தார்.

"அஞ்சு கிலோதான் இருக்கு டாக்டர். நான் தப்பா சொல்றேனா? தப்புன்னு சொல்லுங்களேன்."

நர்ஸ் குழந்தையின் புஜத்தை நாடாவால் அளந்தார். சிவப்புக் கோடு, கடுமையான ஊட்டக்குறைவு. உடனே ஜில்லா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பிக்கப் வண்டியில் தாய் பக்கத்தில் உட்கார, மூன்று மணி நேரக் குண்டுங்குழிப் பாதையிலும் சிசோமோ அண்ணன் மடியில்தான் இருந்தாள். எடை கூட வேண்டும் என்று அந்த மனிதர் வாழ்க்கையில் முதல்முறையாக ஜெபித்தது அன்றைக்குத்தான்.

திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் கிளினிக்குக்கு இரண்டு தராசு வாங்கி அனுப்பினார். அதன்பிறகு ஐந்து மாதம், யார் பெட்டியைத் தூக்கினாலும் நடுவில் போனைப் பார்ப்பார்.

நவம்பரில் ஒரு ஞாயிறு, சாட்சி நேரத்தில் அவரே எழுந்தார். பாஸ்டர் தண்ணீர் கிளாஸை நீட்டினார். அண்ணன் வாங்கவில்லை.

"சிசோமோ. ஏழு கிலோ இருநூறு கிராம். நர்ஸம்மா மெசேஜ் பண்ணிருக்காங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பின் வரிசையில் பத்மநாபன் அங்கிள் என் தோளைத் தட்டினார். "ஏழு கிலோன்னா ஹேண்ட் லக்கேஜ்தானம்மா?"

"ஆமா அங்கிள். மடியில வெச்சுக் கொண்டுபோனது," என்றேன்.

மேற்கொண்டு விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். எனக்கு இருமல் வந்துவிட்டது.