எலுமிச்சம்பழம் கட்டினால் எரியும் டெயில் லைட்

1. எரிகிற லைட்டுக்கு என்ன வைத்தியம்?

நன்றாக எரிகிற லைட்டைக் காட்டி ரிப்பேர் பண்ணு என்று சொன்னால் எந்த எலெக்ட்ரீஷியனுக்கும் எரிச்சல் வரும். எனக்கு இரண்டு பங்கு வரும். இப்போது வண்டி வயரிங் பழகும் பிள்ளைகளுக்காக, அப்படி எனக்கு எரிச்சல் வந்த ஒரு வாரத்தின் கதையைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் மைசூரில், பன்னிமண்டபம் பக்கம் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தேன். தசரா முடிந்த கையோடு ஒருநாள், சரோஜாக்காவின் வேன் கடை வாசலில் குறுக்காக வந்து நின்றது. சரோஜாக்கா கொள்ளேகால்காரர். எனக்குச் சொந்த ஊர் ராமாபுரம். இரண்டும் ஒரே பக்கம் என்பதால் என்னைத் திட்டத் தனக்கு உரிமை இருப்பதாக அவர் நம்பினார். நானும் மறுக்கவில்லை, மறுத்தால் அதற்கும் சேர்த்துத் திட்டுவார்.

அந்தப் பழைய டீசல் வேன்தான் அவர் குடும்பத்துக்குச் சோறு போட்டது. மைசூரிலிருந்து நஞ்சன்கூட்டில் ஒரு ஃபேக்டரிக்கு ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிப் போகிற கான்ட்ராக்ட். ஓட்டுவது அவருடைய தம்பி முருகேசன்.

“தம்பி, வலது பக்கம் பின்னாடி லைட் எரியல. ஃபேக்டரி கேட்ல செக்யூரிட்டி ஆபீசர் பாத்துட்டாரு. திங்கக்கெழம வரைக்கும் டைம் குடுத்திருக்காரு. அன்னிக்கும் எரியலைன்னா கான்ட்ராக்ட் பழனிக்குப் போயிரும்” என்றார்.

பழனி அவருடைய கொழுந்தன். அவனிடமும் ஒரு வேன் இருந்தது. கான்ட்ராக்ட் பழனிக்குப் போவதுகூடப் பரவாயில்லை, போன பிறகு அவன் வீட்டுக்கு வந்து ஆறுதல் சொல்வானே, அதைத்தான் தாங்க முடியாது என்றார்.

முருகேசனை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றேன். வலது லைட் பளிச்சென்று எரிந்தது. சுவிட்சைப் போட்டான், டெயில் லைட்டும் எரிந்தது. இண்டிகேட்டரும் குறை சொல்ல முடியாதபடி விட்டு விட்டு எரிந்தது.

“எல்லாம் எரியுதுங்க்கா.”

“அங்க எரியலையே.”

“அப்ப அந்த ஆபீசரோட கண்ணாடிய மாத்தச் சொல்லுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

2. பல்பு மாற்றினேன், பெயர் கெட்டது

மறுநாளே வேன் திரும்பி வந்தது. இந்த முறை சரோஜாக்கா வண்டி நிற்பதற்கு முன்பே இறங்கிவிட்டார்.

“இங்க நீ எரியுதுங்கற. அங்க அவரு எரியலைங்கறாரு. நடுவுல எம் பொழப்புல்ல அணைஞ்சு போகுது.”

பிரேக் மிதிக்கச் சொன்னேன். எரிந்தது. எனக்கு ரத்தம் சூடேறியது. வாடிக்கையாளர் முன்னால் லைட் எரியாவிட்டால் சமாளிக்கலாம், எரிந்துகொண்டே மானத்தை வாங்கினால் என்ன செய்வது? சரி, பல்பில் ஃபிலமென்ட் ஆட்டமோ என்னவோ என்று நினைத்தேன். அந்த லைட்டின் லென்ஸ் ஸ்க்ரூவில்தான் திருஷ்டிக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அதை மரியாதையாகக் கழற்றி ஸ்டூல்மேல் வைத்தேன். லென்ஸைத் திறந்து புது பல்பு போட்டேன், ஹோல்டரை எமரி பேப்பரால் தேய்த்தேன், லென்ஸை மூடினேன், பழத்தைப் பழையபடி மாட்டிவிட்டேன். பிரேக் மிதிக்கச் சொன்னால் ஜோராக எரிகிறது. சரோஜாக்காவைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டேன்.

அடுத்த நாள் கேட்டில் மறுபடி அணைந்துவிட்டது.

இதற்குள் எங்கள் தெருவில் ஆளுக்கொரு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பஞ்சர் கடைக்காரர் எலி வயரைக் கடித்திருக்கும் என்றார். எலி ஃபேக்டரி கேட்டைப் பார்த்துத்தான் கடிக்குமா என்று கேட்டேன், அவர் கோபித்துக்கொண்டார். டீக்கடைக்காரர், அது பழனியின் கண் என்று தீர்மானமாகச் சொன்னார். சரோஜாக்காவுக்கு டீக்கடைக்காரரின் வயரிங்தான் பிடித்திருந்தது.

3. கடை ஸ்டூல் ஃபேக்டரி கேட் ஆனது

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு. ஆனாலும் வேனை வரச்சொன்னேன். இனி எந்த ஸ்க்ரூவையும் தொடுவதில்லை என்று முடிவு செய்து, ஸ்டூலை நடுவில் போட்டு உட்கார்ந்தேன்.

“முருகேசா, இதுதான் ஃபேக்டரி கேட். நான்தான் ஆபீசர். அங்க என்னென்ன செய்வியோ அதையெல்லாம் ஒண்ணு விடாம செய்யி.”

அவன் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினான். எனக்கு ஒரு சல்யூட் அடித்தான். இறங்கிப் பின்னால் போய், எலுமிச்சம்பழத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான்.

“அத எதுக்குடா கழட்டற?”

“உள்ள போற வண்டியில முன்னாடி பின்னாடி எதுவும் தொங்கக் கூடாதுங்கண்ணா. ரூல். வெளிய வந்ததும் மாட்டிக்குவேன்.”

“ஏறி பிரேக்க மிதி.”

வலது லைட் செத்துக் கிடந்தது. முன்னால் ஓடிப் போய்ப் பார்த்தேன். எரியவே கூடாத வலது இண்டிகேட்டர், மினுக்கட்டாம் பூச்சி அளவுக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. எங்கள் தொழிலில் இது எர்த் கிடைக்கவில்லை என்பதற்கு அடையாளம். பல்புக்குப் போன கரண்ட், பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அந்த வழி அடைபட்டால் பக்கத்துப் பல்புக்குள் புகுந்து சுற்று வழியில் போகப் பார்க்கும்.

வழியை அடைத்தது ஆயுத பூஜை. பூஜைக்காக வேனுக்குப் புது பெயிண்ட் அடித்திருந்தார்கள். பெயிண்டர் தாராள மனசுக்காரர். லைட் உட்காருகிற இடம், அதன் ஸ்க்ரூ ஓட்டை எல்லாவற்றிலும் பூசி, அதன்மேல் லைட்டை மாட்டிவிட்டார். பெயிண்ட் வழியாகக் கரண்ட் போகாது. இடது லைட்டின் ஸ்க்ரூ மட்டும் பெயிண்டைக் கீறிக்கொண்டு இறங்கியதால் அது தப்பித்தது. பூஜை முடிந்ததும் முருகேசன் எலுமிச்சம்பழத்தைக் கம்பியில் கோத்து, ஒரு முனையை லைட் ஸ்க்ரூவில் மாட்டினான். ஓட்டத்தில் ஆடக்கூடாது என்று மறுமுனையை பம்பர் போல்ட்டில் முறுக்கினான். அந்தப் போல்ட்டில் பெயிண்ட் படவில்லை. ஆகவே அந்தக் கம்பியே எர்த் வயர் ஆகிவிட்டது. நான் பல்பு மாற்றி மீசையைத் தடவியபோதும் எரிந்தது அந்தக் கம்பியின் தயவில்தான்.

உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று நாள் வாங்கிய திட்டுக்குக் கொஞ்சமாவது வேடிக்கை பார்க்க வேண்டாமா?

“அக்கா, நீங்களே உங்க கையால பழத்த மாட்டுங்க” என்றேன். மாட்டினார், எரிந்தது. “கழட்டுங்க” என்றேன். அணைந்தது. மறுபடி மாட்டச் சொன்னேன். அதற்குள் தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. டீக்கடைக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து கும்பிட்டார். சரோஜாக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். தேங்காய் உடைக்கலாம் என்று யாரோ சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

பழத்தை வாங்கி வைத்துவிட்டு, ஒரு ஸ்பேனரை எடுத்து ஸ்க்ரூவுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் வைத்தேன். லைட் எரிந்தது.

“பாருங்க்கா, ஸ்பேனருக்கும் எரியுது. பழத்துல ஒண்ணுமில்ல, கம்பிதான் விஷயம்.”

சரோஜாக்கா ஸ்பேனரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “பழம் இருந்த எடந்தானே தம்பி. சக்தி ஒட்டிக்கிட்டிருக்கும்” என்றார்.

லைட்டைக் கழற்றிப் பெயிண்டைச் சுரண்டினேன். லைட்டிலிருந்து சேஸிஸுக்குத் தனியாக ஒரு எர்த் வயர் இழுத்து இறுக்கினேன். பழம் இல்லாமல் எரிகிறதா என்று அவரையே பார்க்கச் சொன்னேன். எரிந்தது. அப்போதும் அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை.

“நாளைக்கு நீயும் வர்ற. எரியலைன்னா உன்ன நஞ்சன்கூட்டுலயே விட்டுட்டு வந்துருவேன்.”

4. திங்கட்கிழமை

கேட்டுக்குப் பக்கத்தில் பழனி தன் வேனைத் துடைத்துப் பளபளவென்று நிறுத்தியிருந்தான். அண்ணியைப் பார்த்ததும் இப்போதே ஆறுதல் சொல்கிற முகத்தை வைத்துக்கொண்டான். முருகேசன் பழத்தைக் கழற்றினான். ஆபீசர் பின்னால் வந்து நின்றார். சரோஜாக்கா கண்ணை மூடிக்கொண்டார். என்ன செய்தோம் என்பது தெரிந்தும் நான் குனிந்து எர்த் வயரை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன்.

பிரேக் எரிந்தது. டெயில் லைட், இண்டிகேட்டர் எல்லாம் எரிந்தன. ஆபீசர் இன்னொரு தடவை மிதிக்கச் சொன்னார். மறுபடி எரிந்ததும் “ஆய்த்து, ஹோகி” என்று கன்னடத்தில் சொல்லி உள்ளே போகக் கை காட்டினார். கான்ட்ராக்ட் கைவிட்டுப் போகவில்லை. சரோஜாக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வந்ததுதான் வந்தாய், அவசரத்துக்குக் கூப்பிட உன் வண்டியையும் பார்த்து வைக்கிறேன் என்று ஆபீசர் பழனியிடம் சொன்னார். பழனி உற்சாகமாக ஏறி பிரேக்கை மிதித்தான். அவன் வேனில் பின்னால் இரண்டு பக்கமும் எரியவில்லை. ஆயுத பூஜைக்கு அவனுக்கும் பெயிண்ட் அடித்தது அதே தாராள மனசுக்காரர்தான்.

நான் அதை விளக்க வாயைத் திறந்தேன். சரோஜாக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

“பாத்தியா தம்பி, அவன் பழமே கட்டல.”

சாயங்காலம் பழனியின் வேன் என் கடைக்கு வந்தது. இறங்கும்போதே கையில் ஒரு பை எலுமிச்சம்பழம். “அண்ணி கட்டச் சொன்னாங்க. எந்த ஸ்க்ரூல மாட்டணும்?” என்று கேட்டான். முதலில் இரண்டு பக்கமும் எர்த் வயர் போட்டேன். பிறகு பழத்தையும் நானே மாட்டிவிட்டேன். அது இல்லாமல் அவன் வண்டியை எடுக்க மாட்டான் என்று தெரிந்துவிட்டது.

தம்பிகளா, ஒரு லைட் எரியவில்லை என்று கஸ்டமர் சொன்னால், எரியாதபோது என்ன ஆயிற்று என்று கேளுங்கள். எரிகிறபோது வண்டியில் என்னென்ன இருந்தது என்பதையும் கேளுங்கள். அந்த வாரத்துக்குப் பிறகு, வண்டியில் தொங்குகிற எல்லாவற்றையும் கழற்றி வைக்காமல் “எல்லாம் ஓகே” என்று நான் யாருக்கும் சொன்னதில்லை.